முதல் ஆயில் பெயிண்டிங் பிரதி: எந்தப் படம், எந்த முறை, எந்தப் பலகை?

அறுப்பு முடிந்த வயலில் சிந்திக் கிடக்கும் கதிரைக் குனிந்து பொறுக்குவது என்றால் என்ன என்று தாமிரபரணிப் பாசனத்தில் வளர்ந்தவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பிரெஞ்சு ஓவியர் ஜான் பிரான்சுவா மில்லே 1857-ல் வரைந்த 'கதிர் பொறுக்கும் பெண்கள்' படத்தை முதல்முறை பார்க்கிற சேரன்மகாதேவிக்காரர், அதில் பிரான்சைப் பார்ப்பதற்கு முன்னால் அந்த முதுகுகளைப் பார்ப்பார். ஆயில் பெயிண்டிங் கற்க நினைக்கும் பலர் பூச்சாடியையும் மலைக்காட்சியையும் விட்டுவிட்டு பார்த்துப் பிரதி எடுக்க இப்படியொரு கிராமியப் படத்தைத் தேர்ந்தெடுப்பதற்குக் காரணமும் அதுதான். நல்ல காரணம். பழகிய உடம்பசைவை வரையும்போது எது தப்பு என்று கண் தானாகவே கண்டுபிடித்துவிடும்.

ஆனால் பாதியில் நிற்கிற பிரதிகளைப் பார்த்தால், பெரும்பாலானவை தூரிகை பிடிப்பதற்கு முன்பே தோற்றவை. எந்தப் படம், அதை எப்படிப் பலகைக்குக் கொண்டுவருவது, ஒரே மூச்சில் தீட்டுவதா அடுக்கடுக்காகவா, எதன்மேல் தீட்டுவது என்ற நான்கையும் முடிவு செய்யாமல், முதல் வேலையாகப் பன்னிரண்டு வண்ண டியூப் செட் வாங்கிவிடுகிறார்கள். வண்ணம் வாங்குவது ஐந்தாவது வேலை. பிரதி எடுப்பதில் முதலில் கற்க வேண்டியது டோன். அதாவது எது எவ்வளவு வெளிச்சம், எது எவ்வளவு இருட்டு என்பது. நிறம் சற்றுப் பிசகினாலும் டோன் சரியாக இருந்தால் படம் நிற்கும். டோன் பிசகினால் எந்த நிறமும் காப்பாற்றாது. கீழே வரும் ஒவ்வொரு ஒப்பீட்டுக்கும் இதுதான் அளவுகோல்.

எந்தப் படம்

'கதிர் பொறுக்கும் பெண்கள்' பாரிஸின் ஆர்சே அருங்காட்சியகத்தில் இருக்கிறது. உயரம் 83.5 செ.மீ., அகலம் சுமார் 110 செ.மீ. கடைகளில் கிடைக்கும் 16×12 அங்குலப் பலகைக்கு இந்த விகிதம் ஏறக்குறைய அப்படியே பொருந்தும். படத்தின் பெரிய நன்மை, முகங்கள் இல்லாததுபோலவே இருப்பது. மூன்று பெண்களும் குனிந்திருக்கிறார்கள், முகம் நிழலில் கிடக்கிறது. சாயும் வெயில் கை, கழுத்து, தோள், முதுகு ஆகியவற்றின் மேல் மட்டும் விழுகிறது. வெளிறிய வயலின்மேல் இருண்ட பெரிய வடிவங்கள். கற்றுக்கொள்பவருக்கு இதைவிட நல்ல பாடம் அமையாது. கண்ணும் மூக்கும் சரியாக வரவில்லையே என்று நான்கு ஞாயிற்றுக்கிழமைகளை ஒரு முகத்திலேயே கரைக்கும் ஆபத்து இதில் இல்லை.

சிக்கல் பின்னணியில். தூரத்தில் வைக்கோல் போர், வண்டி, கூட்டமாக வேலையாட்கள், குதிரைமேல் ஒரு கண்காணி. 16×12 அளவில் முன்னால் இருக்கும் பெண்களின் தலையே நெல்லிக்காய் அளவுதான் வரும். தூரத்து மனிதர்கள் எள் அளவு. அந்த எள்ளை வரைவதில் இறங்கியவர் முன்னால் நிற்கிற முதுகை மறந்துவிடுவார்.

மில்லேயின் இன்னொரு படமான 'மாலை வழிபாடு' (1857–59) சிறியது. 55.5×66 செ.மீ. தான். 12×10 அங்குலப் பலகைக்கு அளவெடுத்ததுபோல் பொருந்தும். இரண்டே பேர், எளிய வயல். அதனால் பலரும் இதில் தொடங்குகிறார்கள். எங்கள் கருத்தில் இது ஏமாற்றும் எளிமை. அந்திக் கருக்கலில் உடுப்பும் நிலமும் ஒன்றுக்கொன்று மிக நெருங்கிய இருட்டு டோன்களில் இருக்கின்றன. பழகாத கை அங்கே எல்லாவற்றையும் ஒரே கருப்புச் சேறாக்கிவிடும். போதாக்குறைக்கு, இணையத்தில் உலவும் நகல்களில் ஒன்று மஞ்சளடித்தும் இன்னொன்று சிவந்தும் இருக்கும். எது உண்மை என்று தெரியாமல் இருட்டுக்குள் தடவ வேண்டியிருக்கும். மூன்றாவது பிரதியாக வைத்துக்கொள்ளலாம்.

ஜூல் பிரெத்தோன் 1884-ல் வரைந்த 'வானம்பாடியின் பாட்டு' சிகாகோ கலை நிறுவனத்தில் இருக்கிறது. 110.6×85.8 செ.மீ. கையில் கதிர் அரிவாளோடு வெறுங்காலில் நிற்கும் ஒரே ஒரு பெண், பின்னால் உதிக்கும் சூரியன். அந்த நிறுவனம் இப்படத்தின் உயர்தரப் பிரதியை இலவசமாகத் தரவிறக்கத் தருகிறது. பெரிதாக்கிப் பார்த்தால் தூரிகைத் தடமே தெரியும். இது பெரிய வசதி. டோன் பாடமும் அருமை: சூரியன் முதுகுப்பக்கம் இருப்பதால் அவளுடைய வெள்ளைச் சட்டை உண்மையில் சாம்பல். டியூபிலிருந்து வெள்ளையைப் பிதுக்கி அப்படியே அப்பினால், அவள் விடியலில் நிற்கமாட்டாள், டியூப்லைட்டுக்கு அடியில் நிற்பாள். ஆனால் முகம் மேல்நோக்கித் திரும்பி, வாய் சற்றே திறந்திருக்கிறது. மேல்நோக்கிய முகத்தில் தாடைக்கும் மூக்குக்கும் இடைப்பட்ட அளவுகள் சுருங்கும். முதல் பிரதியிலேயே இதோடு மல்லுக்கட்ட வேண்டாம். 16×12-ல் எடுத்தால் விகிதம் ஒட்டாது என்பதையும் கவனியுங்கள். அகலம் 30.5 செ.மீ. என்றால் உயரம் 39.3 செ.மீ.தான் வரவேண்டும். மேலே அல்லது கீழே 1.3 செ.மீ. பட்டையைக் கோடு போட்டு ஒதுக்கிவிட வேண்டும். படத்தை இழுத்து நிரப்பினால் அவள் ஒல்லியாகிவிடுவாள்.

காளைகளோடு பழகிய ஊர்க்காரர்கள் ரோசா போனரின் 'நிவெர்னேயில் உழவு' (1849) பக்கம் சாய்வார்கள். இரண்டு ஏர், ஏருக்கு ஆறு மாடு, மொத்தம் பன்னிரண்டு. அகலம் உயரத்தைப்போல் ஏறத்தாழ இருமடங்கு. முழுசாக வேண்டாம். முன்னால் நிற்கும் ஒரு மாட்டை மட்டும் பழகலாம். பாஸ்தியான்-லெபாஜின் 'வைக்கோல் காலம்' (1877) வெளிறிய பகல் வெளிச்சத்தில் எல்லா டோனும் நெருங்கி நிற்கும் படம். புல்லை ஒவ்வொன்றாக இழுக்கத் தூண்டும். அதுவும் பிறகு.

ரவிவர்மா படங்களைப் பற்றிக் கேட்பவர்கள் உண்டு. அவர் 1906-ல் மறைந்தவர், உரிமைச் சிக்கல் இல்லை. ஆனால் நம் வீடுகளில் ரவிவர்மா என்று தொங்குபவை பெரும்பாலும் அச்சுப் படங்கள் அல்லது அவற்றிலிருந்து வந்த காலண்டர்கள். அவற்றைப் பார்த்து வரைந்தால் அச்சுக்காரரின் நிறத்தைத்தான் கற்போம். மூலத்தின் மேற்பரப்பைப் பார்க்க வேண்டுமென்றால் திருநெல்வேலியிலிருந்து நாகர்கோவில் வழியாகத் திருவனந்தபுரத்துக்கு ரயில் ஏறி, அங்குள்ள அருங்காட்சியக வளாகத்து ரவிவர்மா கலைக்கூடத்தில் அவருடைய எண்ணெய் ஓவியங்களை நேரில் பாருங்கள். எந்தப் பிரதியைத் தொடங்குவதற்கு முன்னும் இந்த ஒருநாள் பயணம் பயன்தரும். நிழல் எவ்வளவு மெல்லியதாகவும் வெளிச்சம் எவ்வளவு தடிப்பாகவும் இருக்கிறது என்பது எந்தப் போட்டோவிலும் தெரியாது.

நம் காலத்து ஓவியர்களின் தமிழ்க் கிராமப் படங்கள், உதாரணமாக 2021-ல் மறைந்த இளையராஜாவின் படங்கள், மனதுக்கு மிக நெருக்கமானவை. இந்தியச் சட்டப்படி ஓவியர் மறைந்து 60 ஆண்டுவரை உரிமை அவருடைய வாரிசுகளுடையது. அப்படிப்பட்ட படத்தின் பிரதியை அனுமதியின்றி விற்பதும் கண்காட்சியில் வைப்பதும் கூடாது. தவிர, அந்த நுணுக்கம் தொடக்கநிலைக் கைக்கு எட்டாது. சொந்தமாக எடுத்த வயல் போட்டோ? அதை ஒரு பிரதி முடித்த பிறகு எடுங்கள். போட்டோவில் எதை விடுவது என்று நீங்களே முடிவு செய்ய வேண்டும். பிரதியில் மில்லே அதை முன்பே செய்து வைத்திருக்கிறார்.

ஆகவே எங்கள் பரிந்துரை: 'கதிர் பொறுக்கும் பெண்கள்' படத்தின் இடப்பக்கத்து இரண்டு பெண்களை மட்டும் வெட்டி எடுங்கள். மூன்றாவது பெண்ணையும் குதிரைக்காரரையும் விட்டுவிடுங்கள். போனிலேயே 4:3 விகிதத்தில் வெட்டினால் 16×12 பலகைக்குப் பொருந்தும், தலையும் எலுமிச்சை அளவுக்கு வளரும். நீலத் தலைக்குட்டை, செந்நிறத் தலைக்குட்டை, இரண்டு முதுகு, அறுத்த பயிர்த்தாள். இரண்டாவது பிரதிக்குப் பிரெத்தோன்.

பார்த்து வரைய: அச்சா, திரையா

திரை ஒளி விடும், பெயிண்ட் விடாது. போனில் தெரியும் வானத்தின் பளிச்சை எந்த வெள்ளையாலும் எட்ட முடியாது. எட்ட முயன்று எல்லாவற்றையும் வெளுக்க அடிப்பார்கள். அச்சு அந்த வகையில் நேர்மையானது. இரண்டு அச்சு எடுங்கள், இரண்டும் பளபளப்பில்லாத தாளில், A4 அளவில்: ஒன்று கருப்பு-வெள்ளை, ஒன்று வண்ணம். முதல் மூன்று வாரம் கருப்பு-வெள்ளை மட்டுமே எதிரில் இருக்கட்டும். வின்சென்ட் வான்கோ 1889–90-ல் பிரான்சின் சான்-ரெமியில் இருந்தபோது மில்லேயின் படங்களைக் கருப்பு-வெள்ளை அச்சுகளிலிருந்துதான் பிரதி செய்தார். நிறம் முழுக்க அவருடையது, எலும்பு மில்லேயுடையது. டேப்லெட் இருந்தால் தூரிகைத் தடத்தைப் பெரிதாக்கிப் பார்க்க மட்டும் பயன்படுத்துங்கள். அப்போது இரவுநேர மஞ்சள் வெளிச்ச வசதியை அணைத்துவிடுங்கள்.

பலகைக்கு மாற்றுவது

டிரேசிங் வேகமானது, கை எதையும் கற்காது. பார்த்தே போடுவது நல்லது, ஆனால் முதல் பிரதியில் ஓர் அங்குலப் பிசகு கடைசிவரை துரத்தும். கட்டம் போடுவதே நடுவழி. 16×12 பலகையில் 2 அங்குலக் கட்டம் என்றால் 8×6, மொத்தம் 48. தலையும் கையும் விழும் கட்டங்களை மட்டும் 1 அங்குலமாகப் பிரியுங்கள். அச்சை லேமினேட் செய்து அதன்மேல் மார்க்கரால் அதே 8×6 கட்டம் போட்டால் அச்சு கெடாது. பலகையில் பென்சில் வேண்டாம். கிராஃபைட் மெல்லிய வண்ணத்தின் வழியே மேலெழுந்து தெரியும். கரித்துண்டால் கோடு போட்டு, துணியால் லேசாகத் தட்டி, அதன்மேல் டர்பன்டைனில் கரைத்த பர்ன்ட் அம்பர் என்ற கரும்பழுப்பு வண்ணத்தால் கோட்டை உறுதி செய்து, கட்டத்தை அழித்துவிடுங்கள்.

உருவங்களுக்கு இடையில் உள்ள வெற்றிடத்தையும் ஒரு வடிவமாக வரையுங்கள். இடப்பக்கப் பெண்ணின் கை முதுகின்மேல் மடங்கிக் கிடக்கிறது. கைக்கும் முதுகுக்கும் நடுவில் விழும் நிழல் வடிவம் சரியானால் கை தானாகச் சரியாகும்.

ஒரே மூச்சிலா, அடுக்கடுக்காகவா

ஒரே மூச்சு முறையில் ஈரத்தின்மேல் ஈரமாக, ஒன்று முதல் மூன்று அமர்வில் படத்தை முடிப்பார்கள். புத்துணர்ச்சியான தடம் கிடைக்கும், மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டாம். ஆனால் ஒவ்வொரு தொடுகையிலும் கோடு, டோன், நிறம், விளிம்பு நான்கையும் சேர்த்தே முடிவெடுக்க வேண்டும். தவறினால் சுரண்டித்தான் எடுக்க வேண்டும். தேர்ந்த கைக்கு அது சுகம். முதல் பிரதிக்கு, அதுவும் அடுக்குகளால் கனத்த மில்லேயின் படத்துக்கு, பொருந்தாது. நம் ஊர் வெக்கையும் இதற்கு எதிரி. சித்திரை மதியத்தில் மெல்லியதாகத் தீட்டிய அம்பர் சாயங்காலத்துக்குள் ஒட்டத் தொடங்கும். மறுநாள் அதன்மேல் ஈரமாக இழைக்கலாம் என்றால் தூரிகை இழுபடும், அடியில் உள்ளது பிய்ந்து வரும்.

அடுக்கு முறையில் டோனை முதலில் முடித்துக் காயவைத்து, நிறத்தைப் பிறகு ஏற்றுகிறோம். ஒரு நேரத்தில் ஒரு கேள்வி. இதில் இரண்டு கிளை உண்டு. சாம்பல் அடித்தளம் போட்டு மேலே கண்ணாடிபோன்ற மெல்லிய நிறம் பூசுவது ஒன்று. அது சுத்தமாக இருக்கும், ஆனால் பழகாதவர் கையில் பழைய கருப்பு-வெள்ளைப் போட்டோவுக்கு வண்ணம் அடித்ததுபோல் உயிரில்லாமல் போகும். பழுப்பு அடித்தளம் இன்னொன்று. மண்ணும் தோலும் வைக்கோலுமே நிறைந்த படத்துக்குப் பழுப்பே சரி. மேல்நிறத்தில் எங்காவது இடைவெளி விட்டுப்போனாலும் பழுப்பு எட்டிப்பார்ப்பது அழகாகவே இருக்கும், சாம்பல் எட்டிப்பார்த்தால் ஓட்டையாகத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் நேரம் உள்ளவருக்கு வேலை இப்படி ஓடும்.

முதல் வாரம்: வெள்ளைப் பலகையின்மேல் பர்ன்ட் அம்பரை டர்பன்டைனில் மோர்போல் கரைத்துத் தடவி, துணியால் துடைத்து நடுத்தரப் பழுப்பாக்குங்கள். வெள்ளைப் பலகையில் எந்த டோனும் இருட்டாகவே தெரியும், அதனால் எல்லாவற்றையும் வெளிறடித்துவிடுவோம். அதைத் தடுக்கத்தான் இந்தப் பூச்சு. இரண்டு நாளில் காயும்.

இரண்டாம் வாரம்: கட்டம், கோடு. அப்படியே மூன்றே டோனில் இருட்டை அடையுங்கள். எண்ணெய் வேண்டாம், டர்பன்டைன் மட்டும். அதிகமாகிவிட்ட இடத்தைப் பருத்தித் துணியால் துடைத்து வெளிச்சத்தை மீட்கலாம். இரண்டு மூன்று மணிநேர வேலை. இதற்குமுன் ஒரு அட்டையில் 2 செ.மீ. கட்டம் ஐந்து போட்டு, வெள்ளையிலிருந்து அம்பர்வரை ஐந்து படி டோன் கலந்து வைத்துக்கொண்டால், அச்சின்மேல் அதை வைத்துப் பார்த்து எது எந்தப் படி என்று சொல்லிவிடலாம்.

மூன்றாம் வாரம்: வெள்ளை சேர்த்து வெளிச்சங்கள். வயலில் வெயில் விழும் இடம், முதுகு, கழுத்து, மணிக்கட்டு. இங்கே வண்ணம் சற்றுத் தடிப்பாக இருக்கலாம். நிழலுக்குள் வெள்ளை போகக்கூடாது. முதல் பிரதிகளில் மிக அதிகமாக நடக்கும் பிழை இதுதான். நிழல் சுண்ணாம்பு பூசியதுபோல் ஆகிவிடும், பிறகு எவ்வளவு பழுப்பு பூசினாலும் ஆழம் வராது.

நான்காம் வாரம் தொடாமல் விடுங்கள். டைட்டானியம் வெள்ளை மெதுவாகக் காயும், ஒரு வாரம் பிடிக்கும். காய்ந்ததா என்று அறிய, டர்பன்டைனில் நனைத்த பஞ்சால் ஓர் ஓரத்தை மெல்லத் தொடுங்கள். பஞ்சில் நிறம் ஏறினால் இன்னும் பொறுக்க வேண்டும்.

ஐந்தாம், ஆறாம் வாரங்களில் நிறம். லின்சீட் (ஆளிவிதை) எண்ணெய் ஒரு பங்கு, டர்பன்டைன் இரண்டு பங்கு கலந்து, தூரிகை வழுக்கும் அளவுக்கு மட்டும் தொட்டுக்கொள்ளுங்கள். தூரத்து வயலும் வானமும் முதலில், பிறகு நிலம், பிறகு உடுப்பு, கடைசியாகக் கைகள். ஏழாவதில் நிழல்களுக்கு மெல்லிய பூச்சு, எண்ணெயும் டர்பன்டைனும் சமபங்கு. எட்டாவதில் தடித்த வெளிச்சப் புள்ளிகள், அதோடு நிறுத்தம்.

மேலே போகப்போக எண்ணெய் கூடவேண்டும், குறையக்கூடாது. எண்ணெய் வண்ணம் நீர் வற்றிக் காய்வதல்ல. எண்ணெய் காற்றிலுள்ள ஆக்சிஜனை இழுத்து இறுகுகிறது. எண்ணெய் மிகுந்த அடுக்கு நெடுநாள் அசைந்துகொண்டே இருக்கும். அதன்மேல் எண்ணெய் குறைந்த, சீக்கிரம் இறுகும் அடுக்கைப் போட்டால், மேலே இருப்பது வெடிக்கும். அதே காரணத்தால் மெதுவாகக் காயும் ஐவரி பிளாக் என்ற கருப்பை அடித்தளத்தில் தடிப்பாகப் போடக்கூடாது. அம்பர் அடித்தளத்துக்கு ஏற்றது என்பதற்குக் காரணம் அதிலுள்ள மாங்கனீசு, அது காய்தலை விரைவுபடுத்தும்.

வாரக்கணக்கில் காத்திருக்க மனமில்லாதவர்களுக்கு ஒரு வழி: அடித்தளத்தை மட்டும் அக்ரிலிக்கில் போடுவது. அக்ரிலிக்மேல் எண்ணெய் ஒட்டும், எண்ணெய்மேல் அக்ரிலிக் ஒட்டாது, உரிந்துவரும். இந்த வழியில் மூன்று வாரம் மிச்சம். ஆனால் நம் வெயிலில் அக்ரிலிக், வண்ணம் கலக்கும் பேலட் தட்டிலேயே இறுகிவிடும், துடைத்து வெளிச்சத்தை மீட்கும் வித்தையும் போய்விடும். அந்த வித்தையில்தான் பாதிப் பாடம் இருப்பதால், அவசரமில்லையென்றால் அம்பரே நல்லது.

விளிம்புகளைப் பற்றி ஒரு வார்த்தை. வெயில் படும் முதுகின் விளிம்பு கூர்மையாகவும், நிழல் பக்கத்து விளிம்பு மண்ணோடு கரைந்தும் இருக்கட்டும். எல்லா விளிம்பையும் ஒரே கூர்மையில் வைத்தால், பெண்கள் காகிதத்தில் வெட்டி ஒட்டியதுபோல் நிற்பார்கள்.

எதன்மேல்

கேன்வாஸ் போர்டு மலிவு, எங்கும் கிடைக்கும். ஆனால் உள்ளே இருப்பது அட்டை. ஐப்பசி மழை ஈரத்தில் வில்லாக வளையும். சட்டத்தில் இழுத்துக் கட்டிய கேன்வாஸ் தூரிகைக்குச் சுகமாக இருக்கும், ஈரத்துக்கேற்பத் தளர்ந்து இறுகும். மூலையில் ஆப்பு வைக்க இடமுள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். காடா துணியில் மைதாப் பசை தடவிச் சொந்தமாகச் செய்வது வேண்டவே வேண்டாம். மைதா பூச்சிக்கு விருந்து, மழைக்காலத்தில் பூஞ்சை பிடிக்கும். சுவர் டிஸ்டெம்பரை அடித்தளமாகப் பூசுவதும் அப்படித்தான். அது எண்ணெயை உறிஞ்சிக்கொண்டு, பொடியாக உதிரும்.

முதல் பிரதிக்கு 4 மி.மீ. ஹார்டுபோர்டு போதும். ஹார்டுவேர் கடையில் அளவு சொன்னால் வெட்டித் தருவார்கள். வழுவழுப்பான பக்கத்தை 120-ஆம் எண் உப்புத்தாளால் தேய்த்து, அக்ரிலிக் ஜெஸ்ஸோ என்ற வெள்ளை அடிப்பூச்சை மூன்று கை பூசுங்கள். முதல் கை தண்ணீர் கலந்து மெலிதாக, அடுத்த கை குறுக்காக, மூன்றாவது மறுபடி நெடுக்காக. இடையிடையே 220-ஆம் எண் தாள். பின்பக்கத்துக்கும் நான்கு ஓரத்துக்கும் ஒரு கை கட்டாயம், இல்லாவிட்டால் ஒருபக்கம் மட்டும் இழுத்து வளையும். வெயிலிலோ மின்விசிறிக்கு அடியிலோ காயவைக்காதீர்கள், மேலே வெடித்துக்கொள்ளும். மூன்று நாள் விட்டுப் பிறகு வண்ணம். முடிந்த பலகையைச் சுவர் ஓரம் தரையில் சாய்த்து வைத்தால் கறையான் தேடி வரும்.

டியூப்களும் எண்ணெயும்

பன்னிரண்டு வேண்டாம், ஆறு போதும்: டைட்டானியம் வெள்ளை, யெல்லோ ஓக்கர் (மண்மஞ்சள்), பர்ன்ட் சியன்னா (செம்பழுப்பு), பர்ன்ட் அம்பர், அல்ட்ராமரீன் நீலம், ஏதாவது ஒரு சுத்தமான சிவப்பு. மற்றவையெல்லாம் சேர்ந்து செலவாகும் அளவுக்கு வெள்ளை மட்டுமே தீரும், அதைப் பெரிய டியூபாக வாங்குங்கள். ஆறும் ஒரே கம்பெனி மாணவர் தரமாக இருந்தாலும் பரவாயில்லை. பணம் மிஞ்சினால் வெள்ளையையும் அல்ட்ராமரீனையும் உயர்ந்த தரத்தில் எடுங்கள். கருப்பு டியூப் தேவையில்லை. அம்பரும் அல்ட்ராமரீனும் சமமாகக் கலந்தால் கருப்புக்கு மிக அருகில் வரும், நீலத்தைக் கூட்டியோ குறைத்தோ குளிர்ந்ததாகவும் வெதுவெதுப்பாகவும் ஆக்கலாம்.

அறுத்த பயிர்த்தாளின் நிறத்துக்கு வெள்ளை நான்கு பங்கு, ஓக்கர் இரண்டு, சியன்னா ஒரு சிட்டிகை, அதன் பளிச்சை அடக்க அல்ட்ராமரீன் ஊசிமுனை அளவு. நீலத் தலைக்குட்டைக்கு அல்ட்ராமரீனோடு அம்பரும் வெள்ளையும். செந்நிறத்துக்குச் சியன்னாவில் சிவப்பு. வெயில் படும் கைக்குச் சியன்னா, ஓக்கர், வெள்ளை. வெள்ளையை விட்டு மூன்று நிறத்துக்கு மேல் ஒரு கலவையில் போட்டுக் கிண்டினால் சேறுதான். பேலட் கத்தியால் கலக்குங்கள், தூரிகையால் அல்ல. தூரிகையில் கலந்தால் அடுத்த நிறத்துக்குள் பழையது போய்க்கொண்டே இருக்கும்.

பெயிண்ட் கடையில் கதவுக்கு விற்கும் டர்பன்டைன் தூரிகை கழுவ மட்டும். படத்துக்கு ஓவியக் கடையில் கிடைக்கும் சுத்திகரித்ததை வாங்குங்கள். 'பாயில்டு' லின்சீட் எண்ணெயும் வேண்டாம், அதில் சேர்த்த உலோக உப்புகளால் சீக்கிரம் கறுக்கும். எண்ணெய் தீர்ந்த ஞாயிறன்று சமையலறையைப் பார்க்காதீர்கள். தேங்காய் எண்ணெய் காயவே காயாது, நல்லெண்ணெய் பிசுபிசுப்போடு நின்றுவிடும். கையில் ஒட்டிய வண்ணத்தைக் கழற்றத் தேங்காய் எண்ணெய் நல்லது, அவ்வளவுதான்.

லின்சீட் எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டிக் குப்பைக்கூடையில் போடாதீர்கள். ஆக்சிஜனை இழுக்கும்போது அது சூடாகும். சுருட்டிய துணிக்குள் சூடு வெளியேற வழியின்றித் தானே தீப்பற்றும். மே மாதத்து மாடியறை அதற்குத் தோதான இடம். துணியை வெளியே விரித்துப் போட்டுக் காயவிடுங்கள், அல்லது தண்ணீர் நிறைந்த மூடிய டப்பாவில் போடுங்கள். ஜன்னல் திறந்தே இருக்கட்டும்.

வண்ணம் காய்ந்த சில இடங்கள் மங்கலாகத் தெரிந்தால் பயப்பட வேண்டாம். அடித்தளம் எண்ணெயை உறிஞ்சியிருக்கிறது. காய்ந்த பிறகு அந்த இடத்தில் லின்சீட்-டர்பன்டைன் கலவையை மிக மெல்லிதாகத் தடவி, உபரியை ஒற்றியெடுத்தால் ஆழம் திரும்பும். இதைச் செய்யாமல் மங்கலான நிறத்தைப் பார்த்து அடுத்த நிறத்தைக் கலந்தால் கணக்குத் தப்பும்.

எப்போது, எந்த ஜன்னலில்

தை முதல் பங்குனி வரை தொடங்குவது நல்லது. ஈரம் குறைவு, காற்றும் அடங்கியிருக்கும். ஆனி, ஆடியில் வள்ளியூர், ராதாபுரம் பக்கம் ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று வீசும். திசையன்விளையின் சிவந்த தேரி மண்ணைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஈரப்படத்தைத் திறந்து வைத்தால் சியன்னா இலவசமாகவே ஒட்டிக்கொள்ளும். அந்த மாதங்களில் பலகையை ஒரு அட்டைப் பெட்டிக்குள் நிறுத்தி, வாய்ப்பக்கம் மெல்லிய துணி கட்டிக் காயவையுங்கள். அதே மாதங்களில் தென்காசி, குற்றாலம் பக்கம் சாரல். அங்கேயும், ஐப்பசி கார்த்திகையில் எல்லா ஊரிலும், மேலே சொன்ன காயும் நாட்களை இரட்டிப்பாக்கிக்கொள்ளுங்கள். பீரோவுக்குள் வைத்துக் காயவைப்பது தவறு. இருட்டில் லின்சீட் மஞ்சளிக்கும். நேர் வெயில் படாத வெளிச்சமான அறை வேண்டும்.

வடக்கு ஜன்னல் வெளிச்சத்தில் வரைய வேண்டும் என்று ஐரோப்பியர் சொல்வதை அப்படியே பின்பற்றுவோர் உண்டு. திருநெல்வேலி ஏறத்தாழ 8.7 பாகை வடக்கில் இருக்கிறது. சித்திரை தொடங்கி ஆவணி பாதிவரை உச்சிச் சூரியன் நம் தலைக்கு வடக்கே போய்விடும். அந்த மாதங்களில் வடக்கு ஜன்னலில் நேர் வெயில் விழலாம், தெற்கு ஜன்னலே நிதானமான வெளிச்சம் தரும். மற்ற மாதங்களில் வடக்கு. இரவில் வரைபவர்கள் மஞ்சள் பல்பின்கீழ் நிறம் கலக்கக்கூடாது. காலையில் பார்த்தால் படம் நீலம் பாய்ந்திருக்கும்.

வார்னிஷ் உடனே வேண்டாம். மேலே காய்ந்தாலும் உள்ளே காய மாதங்கள் ஆகும். தடிப்பான வெளிச்சங்கள் உள்ள படத்துக்கு ஆறு மாதமாவது விடுங்கள். பலகையின் பின்பக்கம் 'மில்லேயின் கதிர் பொறுக்கும் பெண்கள் படத்தின் ஒரு பகுதி, பார்த்து வரைந்தது' என்று எழுதி, தேதியும் உங்கள் பெயரும் போடுங்கள். முன்பக்கம் மில்லேயின் கையொப்பத்தைப் போடக்கூடாது. பாரிஸின் லூவ்ர் அருங்காட்சியகத்தில் பிரதி எடுக்க அனுமதி பெறுபவர்கள்கூட, படம் மூலத்தைவிட ஐந்தில் ஒரு பங்காவது பெரிதாகவோ சிறிதாகவோ இருக்க வேண்டும் என்ற விதிக்கு உட்பட்டவர்கள். உங்கள் 16×12 பலகை மூலத்தைவிட வெகு சிறியது, அந்த விதிக்குள் தாராளமாக அடங்கும்.